மதுரையில் மூன்று நாள்: விடியலில் மலை, பொழுது சாய்ந்தால் ஊர்

அரையாண்டு விடுமுறைக்கு டிசம்பர் கடைசியில் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வருகிறோம், அப்பா அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, பிள்ளைகள் எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கிறார்கள், கையில் மூன்று நாள் இருக்கிறது, மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மஹாலையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு கொடைக்கானலுக்கோ ராமேஸ்வரத்துக்கோ கிளம்பச் சொல்கிறார்கள், மதுரையில் அதற்குமேல் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று நாளும் மதுரையிலேயே இருங்கள். கொடைக்கானல் இங்கிருந்து 120 கிலோமீட்டர், அதில் கடைசி ஐம்பது மலைப்பாதை, 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும், விடுமுறை நாளில் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே வண்டிகள் வரிசையில் நின்றுவிடும். ராமேஸ்வரம் 170 கிலோமீட்டர். இரண்டுமே நல்ல இடங்கள்தான், ஆனால் தனியாக இரண்டு நாள் ஒதுக்கிப் போக வேண்டியவை. வயதானவர்களைக் காலையில் ஏற்றி இரவில் இறக்கினால் அவர்கள் பார்த்தது காரின் ஜன்னலாக மட்டும்தான் இருக்கும்.

மதுரை என்றாலே கோயில் என்று எல்லோரும் சொல்வது சரிதான், நானும் அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் ஊரைச் சுற்றி நாலு திசையிலும் சின்னச் சின்னக் குன்றுகள் இருக்கின்றன: சமணர் மலை, திருப்பரங்குன்றம், யானைமலை, அழகர்மலை, அரிட்டாபட்டி, மாங்குளம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ் எழுத்து இந்தப் பாறைகளில் பலவற்றில் இருக்கிறது, ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துச் சிற்பங்கள் வெயிலில் மழையில் அப்படியே இருக்கின்றன, பெரும்பாலும் டிக்கெட்டும் கிடையாது கூட்டமும் கிடையாது. கோயிலை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் மதுரையின் பாதி வயசு கண்ணில் படாமலே போய்விடும். எனக்கு இந்த ஊரைப் பற்றிச் சொல்ல இருக்கிற ஒரே பெரிய விஷயம் இதுதான்.

அடுத்தது நேரக் கணக்கு. மதுரைக் கோயில்கள் பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். மலைப்பாறை பத்து மணிக்கெல்லாம் சூடேறிவிடும், டிசம்பரிலும்கூட. அதனால் விடியற்காலை மலை, பத்து மணிக்கு மேல் கூரை உள்ள இடம் அதாவது மஹால், மியூசியம் மாதிரி, பகல் சாப்பாடு, ஒரு தூக்கம், சாயங்காலத்திலிருந்து ராத்திரி வரை ஊர். இந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் பாட்டி தாத்தாவுக்கும் களைப்பு இருக்காது. இதற்குத் தோதாகத் தங்கும் இடத்தை டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் பாருங்கள். எல்லா விலையிலும் லாட்ஜுகள் இருக்கின்றன, ரயில் நிலையமும் கோயிலும் நடக்கிற தூரம். வெளியே புறவழிச்சாலையில் பெரிய ஹோட்டலில் தங்கினால் அறை நன்றாக இருக்கும், ஆனால் ராத்திரி பத்து மணிக்குச் சித்திரை வீதியில் காலாற நடக்கிற சுகம் கிடைக்காது.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு நீங்கள் வரும் நேரத்தில் ஒரு சிக்கல் உண்டு. மார்கழி என்பதால் ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். காலை எட்டு மணிக்கு மேல் போனால் வரிசையிலேயே பொழுது போய்விடும். மார்கழியில் நடை வழக்கத்தைவிட முன்னதாகவே திறக்கிறார்கள். ஐந்து மணிக்குப் போய் நில்லுங்கள். பிள்ளைகளை எழுப்புவது கஷ்டம்தான், இருந்தாலும் ஒரே ஒரு நாள் எழுப்பிக் கூட்டிப்போங்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்தபிறகு உள்ளே செல்போன் அனுமதி இல்லை. அறையிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது, இல்லையென்றால் வாசலில் டோக்கன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாம், திரும்ப வாங்க இன்னொரு வரிசை. யார் எங்கே வந்து நிற்பது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள், பொற்றாமரைக் குளத்தின் தென்பக்கப் படி இதற்கு வசதியான இடம்.

அம்மனைப் பார்த்துவிட்டுத்தான் சுவாமி சன்னதிக்குப் போவது இங்கே முறை. தரிசனம் முடிந்ததும் வெளியே ஓடிவராமல் கம்பத்தடி மண்டபத்தில் நில்லுங்கள். ஒரே தூணில் மீனாட்சி கல்யாணம், பெருமாள் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார், மீனாட்சியின் முகம் லேசாகக் குனிந்திருக்கும். எதிரே காளியும் ஊர்த்துவ தாண்டவரும். கொஞ்சம் தள்ளி வெள்ளியம்பலத்தில் நடராஜர் வலது காலைத் தூக்கி ஆடுகிறார். மற்ற ஊர்களில் இடது காலைத்தான் தூக்கியிருப்பார். இந்த வித்தியாசத்தை நீங்கள் சொல்லாமல் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க விடுங்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது 985 தூண், எந்தக் கோணத்தில் நின்றாலும் வரிசை பிசகாமல் தெரியும். இப்போது அது கலைக்கூடமாகவும் இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு உட்கார இடம் வேண்டுமென்றால் குளத்தின் சுற்று மண்டபம்தான்.

இதே கோயிலுக்கு இன்னொரு முறை, வேறொரு நாள் ராத்திரி போங்கள். பள்ளியறை பூஜைக்காகத்தான் சொல்கிறேன். கடைசியாக, சுந்தரேஸ்வரரின் பாதங்களைச் சின்னப் பல்லக்கில் வைத்து, மேளமும் நாதஸ்வரமும் முன்னே போக, அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குக் கொண்டுவருவார்கள். பகலில் பார்த்த அதே பிராகாரம் அந்த நேரத்தில் வேறு இடமாகத் தெரியும். வழக்கமாக ஒன்பது மணிக்கு மேல்தான், ஆனால் மார்கழியில் இதுவும் முன்கூட்டியே நடக்கும் என்பதால் காலையில் போகும்போதே நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை உங்கள் மூன்று நாளுக்குள் வந்தால் சாயங்காலம் குளக்கரை ஊஞ்சல் மண்டபத்தில் அம்மனும் சுவாமியும் ஊஞ்சலாடுவதையும் பார்க்கலாம். இன்னொன்று, மார்கழித் தேய்பிறை அஷ்டமியன்று அஷ்டமி சப்பரம் வெளி வீதிகளில் வரும். எல்லா உயிர்களுக்கும் சுவாமி படியளக்கிற நாள் என்பார்கள், வழியெல்லாம் அரிசி தூவிக்கொண்டே போவார்கள், அம்மன் சப்பரத்தைப் பெண்களே இழுப்பார்கள். சில வருஷம் டிசம்பரில் வரும், சில வருஷம் ஜனவரியில். காலண்டரைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள், அதற்காக ஒரு நாள் தள்ளி வந்தாலும் தகும்.

கோயிலுக்கு வெளியே வந்தால் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். கீழவாசலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம், அதற்கும் கிழக்கே எழுகடல் தெருப் பக்கம் கட்டி முடிக்காத ராயகோபுரத்தின் அடிப்பகுதி. அந்த நிலைக்கால்களைப் பார்த்தாலே இது மட்டும் எழும்பியிருந்தால் என்ன உயரம் வந்திருக்கும் என்று தெரியும். புதுமண்டபத்துக்குள் இருந்த தையல் கடைகளும் பாத்திரக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. சுங்குடிச் சேலை வாங்க வேண்டுமென்றால் இந்த வட்டாரத்திலேயே நாலைந்து கடை ஏறி இறங்குங்கள். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததா, மெழுகு அச்சா, வெறும் பிரிண்டா என்று கேட்டு வாங்குங்கள். துணியைத் தடவிப் பார்த்தால் முடிச்சு அவிழ்த்த இடம் புள்ளிக்குப் புள்ளி விரலில் தட்டும், அதுதான் கைமுடிச்சு, விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

இனி மலைகள். உங்கள் குடும்பத்துக்கு ஒரே ஒரு மலைதான் காட்ட முடியும் என்றால் கீழக்குயில்குடி சமணர் மலையைக் காட்டுவேன். ஊரிலிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் திரும்ப வேண்டும். மலையடியில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரம். மலையே ஏறாமல் அப்பா அம்மா அந்த மர நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் வந்ததற்கு நிறைவாக இருக்கும். பிள்ளைகளோடு நீங்கள் படியேறுங்கள். முதலில் வருவது பேச்சிப்பள்ளம்: சுனை ஒன்று, அதன்மேல் பாறையில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்கள், மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, கீழே வட்டெழுத்தில், அதாவது பழைய தமிழ் எழுத்து வகை ஒன்றில், யார் செய்வித்தது என்ற விவரம். 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இங்கே ஒரு பள்ளியே இருந்திருக்கிறது, துறவிகள் தங்கிப் பாடம் சொல்லியிருக்கிறார்கள், குரண்டி என்ற ஊரின் பள்ளியைச் சேர்ந்தவர்கள் பெயர்கள் கல்வெட்டில் வருகின்றன. இன்னும் மேலே போனால் இடிந்துபோன மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் மட்டும் இருக்கிறது. அதற்கும் மேலே உச்சியில் ஒரு விளக்குத் தூண், பக்கத்தில் கன்னடக் கல்வெட்டு. கர்நாடகத்திலிருந்து இங்கே நடந்து வந்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உச்சி வரை போவது உங்கள் விருப்பம். பாறை சரிவு, கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை, ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்குப் பேச்சிப்பள்ளம் வரை போதும்.

இறங்கி மலையின் தென்மேற்குப் பக்கம் சுற்றி வந்தால் செட்டிப்புடவு. இதைத் தவறவிடாதீர்கள். குகை வாசலுக்கு இடப்பக்கம் சமணர் வணங்கும் பெரிய தீர்த்தங்கரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், காது நீண்டு கிடப்பதால் இவரையே செட்டியார் என்று ஊர்க்காரர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். உள்ளே குனிந்து போய்க் கூரையைப் பாருங்கள். மூன்றடுக்குக் குடைக்குக் கீழே மூன்று தீர்த்தங்கரர்கள், ஒரு ஓரத்தில் சிங்கத்தின்மேல் ஏறி யானை வீரனோடு சண்டை போடுகிற இயக்கி, சமணரின் பெண் தெய்வம். காலை வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில் போனால்தான் செதுக்கலின் ஆழம் தெரியும், அதற்காகத்தான் விடியலில் மலை என்று முதலிலேயே சொன்னேன்.

திரும்பும் வழியில் விளாச்சேரி. மண்பொம்மை செய்கிற ஊர். நவராத்திரிக்குக் கொலு, டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள். தெருவில் நடந்தாலே திண்ணையில் காய வைத்திருப்பார்கள், செய்கிறவர்களிடமே வாங்கலாம்.

அங்கிருந்து திருப்பரங்குன்றம் பக்கம்தான். முருகனின் அறுபடை வீட்டில் முதல் வீடு என்பதால் கூட்டம் இருக்கும், ஆனாலும் கருவறையே பாறையைக் குடைந்தது என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். ஒரே குடைவரையில் முருகன், துர்க்கை, பிள்ளையார், சிவன், பெருமாள் எல்லோரும் இருக்கிறார்கள். இங்கே உள்ள 773ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில், பாண்டியன் படைத்தலைவன் சாத்தன் கணபதி திருப்பணி செய்ததோடு அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் மூதேவி என்று சொல்கிற சேட்டைக்கும் கோயில் எடுத்த செய்தி வருகிறது. 1,250 வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் தன் பெயரிலேயே கோயில் எடுத்திருக்கிறாள், எனக்கு அந்த வரி மேல் தனிப் பிரியம். முன்பக்கக் கோயிலோடு பெரும்பாலானவர்கள் திரும்பிவிடுவார்கள். ஆட்டோவோ காரோ வைத்து மலையின் பின்பக்கம், தென்பரங்குன்றம் போங்கள். உமையாண்டார் குடைவரை என்று ஒன்று, முதலில் சமணருடையது, 13ஆம் நூற்றாண்டில் சிவனுக்கு மாற்றியிருக்கிறார்கள். முன்னால் வேப்பமரம், புல்தரை, அமைதி. மலை உச்சியில் காசி விஸ்வநாதர் கோயிலும் சிக்கந்தர் தர்காவும் இருக்கின்றன. ஏற நினைத்தால் அன்றைக்கு மேலே விடுகிறார்களா என்று அடிவாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மஹாலைப் பற்றி நீங்களே படித்திருப்பீர்கள். 1636இல் திருமலை நாயக்கர் கட்டியது, இப்போது நிற்பது முழு அரண்மனையில் சிறு பகுதிதான். பேரன் சொக்கநாதர் காலத்தில் நல்ல பகுதிகளைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள், மிச்சம் இருந்ததை 19ஆம் நூற்றாண்டில் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு பழுது பார்த்ததால் நமக்குச் சொர்க்க விலாசமாவது கிடைத்தது. வெயில் நேரத்துக்கு நல்ல இடம், தூணடியில் குளுகுளுவென்று இருக்கும், பிள்ளைகளைத் தூணைக் கட்டிப்பிடிக்கச் சொல்லுங்கள், ரெண்டு பேர் சேர்ந்தாலும் கை எட்டாது. முக்கியமாக, வெளியே வந்து பத்துத்தூண் சந்துக்குப் போங்கள். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே அரண்மனையின் பத்துத் தூண்கள் மட்டும் தலைக்குமேல் ஒன்றும் தாங்காமல் நிற்கின்றன. அரண்மனை ஒரு காலத்தில் எதுவரை இருந்தது என்பது அங்கே போனால்தான் உறைக்கும்.

காந்தி மியூசியம் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இருக்கிறது, 1959இல் நேரு திறந்து வைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணியை இங்கே பார்க்கலாம். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு இது அவசியம். ஆனால் அதோடு நிறுத்தாமல் மேலமாசி வீதியில் 251ஆம் எண் வீட்டுக்கும் கூட்டிப்போங்கள். 1921 செப்டம்பர் 22 காலையில் காந்தி முழு உடையைக் களைந்து நாலு முழத் துண்டுக்கு மாறியது அந்த வீட்டு மாடியில்தான். இப்போது கீழே கதர்க்கடை. அந்தப் பக்கம் போகிற எத்தனையோ பேருக்கு இது தெரியாது, எனக்கு அது வருத்தம்தான்.

கீழடிக்குக் கட்டாயம் போங்கள். ராமேஸ்வரம் சாலையில் அரை மணி நேரம், சிவகங்கை மாவட்டத்துக்குள் நுழைந்ததும் வந்துவிடும். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள், முற்றம் முற்றமாக நிழலில் நடக்கலாம். சக்கர நாற்காலிக்கும் பெரியவர்களுக்கும் மலைகளைவிட இதுதான் வசதி. ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய பானை ஓடுகள், தக்களி, பகடைக்காய், சூதுபவளம், சங்கு வளையல், உறைகிணறு, கொந்தகையில் எடுத்த முதுமக்கள் தாழி. 2019இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கைப்படி இங்கே எடுத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580. பிள்ளைகளுக்கு வரும் முன்பே தமிழின் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் பத்துப் பதினைந்து எழுத்தைச் சொல்லிக்கொடுங்கள், ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். ஓட்டில் இருக்கிற பெயரை அவர்களே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டால் அப்புறம் அவர்களை அங்கிருந்து கிளப்புவதுதான் உங்களுக்கு வேலை. வார விடுமுறை நாள் எது என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போங்கள். நேரம் இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி, வைகைக் கரையில் திருப்புவனம் புஷ்பவனேஸ்வரர் கோயில்.

வடக்கே அழகர்கோயில், 21 கிலோமீட்டர். கோட்டைச் சுவருக்குள் நுழையும்போதே காற்று மாறும். கள்ளழகரைப் பார்ப்பதற்கு முன்போ பின்போ வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பரிடம் நில்லுங்கள். சிலை கிடையாது, சாத்தியிருக்கிற பெரிய கதவுக்குத்தான் சந்தனம், மாலை, அரிவாள் எல்லாம். கல்யாண மண்டபச் சிற்பங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிரசாதக் கடையில் மிளகு மணக்கிற தடித்த தோசை கிடைக்கும், ஒன்று வாங்கினால் இரண்டு பேர் சாப்பிடலாம். மேலே பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் காட்டு வழியாக வண்டி போகும், பெரியவர்களை நடக்க விட வேண்டாம். குரங்குகள் பையைப் பிடுங்கும், தின்பண்டம் கையில் தெரியக் கூடாது. இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும்.

அழகர்மலையின் மறுபக்கம், கிடாரிப்பட்டிப் பக்கம் ஒரு குகைத்தளம் உண்டு, பஞ்சபாண்டவர் படுக்கை என்று கேட்டால் வழி சொல்வார்கள். அங்கே உள்ள தமிழ்ப் பிராமி எழுத்தில் மதுரை 'மதிரை' என்றே வருகிறது, மதிரைப் பொன்கொல்லன் ஒருவன், உப்பு வணிகன், பாணித வணிகன் அதாவது வெல்லம் விற்றவன், ஏர்க்கொழு விற்ற கொழு வணிகன், துணி விற்ற அறுவை வணிகன் எல்லோரும் சேர்ந்து துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ராஜாக்கள் பெயர் எல்லா ஊரிலும் கல்லில் இருக்கும்; உப்பு விற்றவனும் துணி விற்றவனும் பெயர் பொறித்த பாறை மதுரைப் பக்கம் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஏற்றம் கொஞ்சம் கடினம், பெரியவர்களுக்கு வேண்டாம். மாங்குளமும் அப்படியே, பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வருகிற கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது, 1882இல் ராபர்ட் சீவெல் கண்டுபிடித்தது. நல்ல ஏற்றம், உள்ளூர் ஆள் ஒருவர் இல்லாமல் போகாதீர்கள்.

யானைமலை உங்களுக்கு எளிது. மேலூர் சாலையில் ஒத்தக்கடை, தூரத்திலிருந்தே யானை படுத்திருப்பது தெரியும். அடிவாரத்தில் நரசிங்கம் யோக நரசிம்மர் குடைவரை, 770ஆம் ஆண்டு, பாண்டியன் அமைச்சர் மாறன் காரி தொடங்கித் தம்பி மாறன் எயினன் முடித்தது. கொஞ்சம் தள்ளி முருகனுக்கான லாடன் கோயில், சின்னக் குடைவரை. இதோடு பக்கத்திலேயே திருமோகூர் காளமேகப் பெருமாளையும் சேர்த்துக்கொள்ளலாம். சக்கரத்தாழ்வாரை முன்னால் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனால் யோக நரசிம்மர். அம்மா அப்பாவுக்கு இந்தக் காலை ரொம்பப் பிடிக்கும்.

அரிட்டாபட்டியைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். மேலூர்ப் பக்கம், மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், கண்மாய்கள், ராஜாளி வகைப் பறவைகள், பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரை, அதில் தமிழ்நாட்டில் அபூர்வமான, சிவனின் வடிவமான லகுலீசர் சிற்பம், கழிஞ்சமலையில் தீர்த்தங்கரர், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு. 2024இல் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது ஊர் ஊராக மக்கள் திரண்டு எதிர்த்தார்கள், 2025 ஜனவரியில் மத்திய அரசு அதைக் கைவிட்டது. அப்படிக் காப்பாற்றிய இடம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். பாட்டுப் பெட்டி வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள், பாறையில் பெயர் எழுதுகிறவர்களைக் கண்டால் தடுங்கள். ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் நின்று பேச்சுக் கொடுத்தால் யாராவது கூடவே வந்து காட்டுவார்கள். மழை முடிந்த டிசம்பரில் ஆனைகொண்டான் கண்மாயில் தண்ணீர் நிறைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏழு மணிக்கு அங்கே இருந்தால் பறவைகளைப் பார்க்கலாம், பைனாகுலர் இருந்தால் எடுத்து வாருங்கள்.

மலை வேண்டாம், கோயிலும் போதும் என்று ஒரு நாள் தோன்றினால் சோழவந்தான் பக்கம் வண்டியை விடுங்கள். வைகைக் கரையோடு நெல், தென்னை, வெற்றிலைக் கொடிக்கால், வழியில் திருவேடகம், தென்கரை, குருவித்துறை. சம்பந்தர் விட்ட ஏடு ஆற்றை எதிர்த்து வந்து சேர்ந்த இடம் திருவேடகம் என்பது நம்பிக்கை. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஒன்றும் பார்க்க வேண்டாம், ஆற்றங்கரையில் இறங்கிக் கால் நனைத்துவிட்டு வந்தாலே போதும்.

வெளியூர் ஒன்று கண்டிப்பாக வேண்டும் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர், 75 கிலோமீட்டர். மார்கழியில் ஆண்டாள் ஊருக்குப் போவதைவிடப் பொருத்தம் வேறு என்ன இருக்கிறது, பால்கோவாவும் கிடைக்கும். செட்டிநாட்டை அரை நாளில் அடைக்காதீர்கள், பிள்ளையார்பட்டி, காரைக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் எல்லாம் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்க வேண்டியவை.

சாப்பாட்டுக்குத் தனியாக ஒரு பதிலே எழுதலாம். பிள்ளைகளுக்கு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, பாதாம் பிசினும் நன்னாரியும் சுண்டிய பாலும் சேர்ந்தது. அம்மா அப்பாவுக்குச் சாயங்காலம் தள்ளுவண்டியில் பருத்திப்பால், சுக்கும் கருப்பட்டியும் போட்டுச் சூடாக. சௌராஷ்டிரர் தெருக்களில் மாலையில் முள்ளு முருங்கை வடை போடுவார்கள், பச்சை நிறத்தில் இருக்கும், இட்லிப் பொடி தூவித் தருவார்கள். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் கறிதோசையும் அயிரை மீன் குழம்பும். சிம்மக்கல் பக்கம் ராத்திரி போனால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும். பன் பரோட்டா பிள்ளைகளுக்கு. எந்தக் கடை என்று கேட்காதீர்கள், கூட்டம் நின்று சாப்பிடுகிற கடையில் நில்லுங்கள். மல்லிகைப்பூ வாங்க மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விடியற்காலையில் பார்க்க வேண்டிய காட்சி, ஆனால் பனிக்காலத்தில் வரத்து குறைந்து விலை எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். முழம் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் போடுகிற கணக்கு இதுதான். முதல் நாள் காலை ஐந்து மணிக்கு மீனாட்சி, எட்டரைக்கு டிபன், பத்து மணிக்கு மஹால், பத்துத்தூண், பகல் ஓய்வு, சாயங்காலம் மேலமாசி வீதி வீடு, கடைத்தெரு. இரண்டாம் நாள் ஆறரைக்குச் சமணர் மலை, விளாச்சேரி, பதினொன்றுக்குள் திருப்பரங்குன்றம், மூன்று மணிக்குக் கீழடி, ராத்திரி பள்ளியறை பூஜை. மூன்றாம் நாள் நீங்களும் பிள்ளைகளும் விடியலில் அரிட்டாபட்டி, பெரியவர்கள் எட்டு மணிக்குக் கிளம்பி நரசிங்கமும் திருமோகூரும். இதற்கு இரண்டு வண்டி வேண்டும், இல்லையென்றால் அரிட்டாபட்டியை விட்டுவிட்டு எல்லோருமாக அழகர்கோயில். சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளம், நடுவில் மைய மண்டபம், தண்ணீர் நிறைந்திருந்தால் படகும் உண்டு, கரையைச் சுற்றி மிளகாய் பஜ்ஜியும் மாங்காய்த் துண்டும் விற்பார்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸ் ராத்திரிதான் கிளம்புகிறது, எட்டரைக்குள் ஸ்டேஷனில் இருந்தால் போதும். அரையாண்டு விடுமுறை முடிகிற சமயம் என்பதால் திரும்பும் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள், பெரியவர்களுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு.

மலைக்கு ரப்பர் அடி உள்ள செருப்போ ஷூவோ, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், பிள்ளைகளுக்குத் தொப்பி. முந்தின ராத்திரி மழை பெய்திருந்தால் அன்று மலையை மாற்றிக் கீழடியை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், பாசி பிடித்த பாறையில் கால் நிற்காது.